பழைய சொகுசு செடான் வாங்கப் போகிறீர்களா? ஓட்டும் செலவும் நம்பகமும்: படிப்படியான முழு வழிகாட்டி

பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், மெர்சிடிஸ் இ கிளாஸ், ஆடி ஏ6 போன்ற பெரிய செடான்களின் விலை மளமளவென்று சரியும். ஏழெட்டு வருஷம் ஓடிய பிறகு, ஒரு சாதாரண புதுக் காரின் விலைக்கே இவை கைக்கு வந்துவிடும். தோல் சீட்டு, நெடுஞ்சாலையில் தரையோடு ஒட்டிப் போகும் நிதானம், கதவைச் சாத்தும்போது கேட்கும் அந்தக் கனமான சத்தம் எல்லாம் அப்படியே இருக்கும். உதிரி பாகங்களின் விலை மட்டும் இறங்கியிருக்காது.

புதிதில் அந்தக் காரின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 25 கொடுத்து வாங்குகிறீர்கள். ஒரு ஹெட்லைட் போனால் வாங்க வேண்டியது 100 விலைக் காரின் ஹெட்லைட். காற்றுப்பைகளால் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இது தெரியாமல் வாங்கியவர்கள்தான் இரண்டாவது வருஷம் காரை மூடிபோட்டு நிறுத்திவைக்கிறார்கள். தெரிந்து வாங்கியவர்கள் பத்து வருஷம் சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். இரண்டு வகை ஆட்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் வாங்கிய கார்களில் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்குமுன் பார்த்ததிலும், வாங்கியபின் செய்ததிலும்தான் வித்தியாசம்.

படி 1: முதலில் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள்

டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு உங்கள் தினசரிப் பயணம்தான் பதில் சொல்ல வேண்டும். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே போய்வருபவருக்கு நவீன டீசல் ஒத்துவராது. அதன் புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி புகைக்கரியைப் பிடித்துவைக்கும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். தொடர்ந்து இருபது நிமிஷமாவது நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்த வேலை முடியும். குறுகிய ஓட்டத்தில் பாதி எரிந்து பாதியில் நின்றுவிடும். எரிக்கத் தெளித்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலக்கும். இப்படியே போனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், ஆயிலும் நீர்த்துப்போகும்.

வருஷத்துக்கு 20,000 கிமீக்கு மேல், அதுவும் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்கள் தயங்காமல் டீசலை எடுக்கலாம். மற்றவர்கள் பெட்ரோலோ ஹைபிரிடோ பார்ப்பது நல்லது.

படி 2: பேட்ஜைப் பார்க்காதீர்கள், எஞ்சினைப் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது, கொஞ்சம் நின்று பேசலாம். "எந்தக் கம்பெனி நம்பகமானது?" என்று கேட்பதைவிட "எந்த எஞ்சின், எந்த வருஷம்?" என்று கேட்பதில்தான் பலன் இருக்கிறது. ஒரே மாடலில், ஒரே வருஷத்தில், ஒரு எஞ்சின் மூன்று லட்சம் கிமீ சலிக்காமல் ஓடும். இன்னொன்று ஒன்றரை லட்சத்தில் திறக்க வைக்கும்.

பிஎம்டபிள்யூவின் என்47 டீசலை எடுத்துக்கொள்வோம். 2007-ல் வந்தது. 5 சீரிஸின் ஈ60 என்ற தலைமுறையின் பிற்பகுதியிலும், அடுத்து வந்த எஃப்10 தலைமுறையின் முற்பகுதியிலும் 520டி காரில் இதுதான் இருந்தது. எரிபொருள் சிக்கனத்தில் அபாரம். ஆனால் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைத்து ஓடவைக்கும் டைமிங் செயின் இதில் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. முதல் சில வருஷ எஞ்சின்களில் செயினும் அதன் வழிகாட்டிப் பட்டைகளும் சீக்கிரம் தேய்ந்தன. முன்பக்கச் செயின் என்றால் முன்மூடியைக் கழற்றி மாற்றிவிடலாம். இதற்கு கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டும். செயினின் விலையைவிட அதைத் தொடுவதற்கான கூலி அதிகம். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். இந்த எஞ்சினுள்ள காரில் செயின் மாற்றிய ரசீது இருந்தால், அந்த ரசீது தோல் சீட்டைவிட மதிப்பானது. 2014 முதல் இதனிடத்துக்கு பி47 வந்தது.

அதே கம்பெனியின் என்20 பெட்ரோல் எஞ்சின் எஃப்10 தலைமுறையின் 520ஐ, 528ஐ கார்களில் இருக்கும். இதில் செயின் வழிகாட்டிகளின் பிளாஸ்டிக் நொறுங்குவது தெரிந்த சங்கதி. 2015 தொடக்கம் வரை செய்த எஞ்சின்களில்தான் இதைக் கவனிக்க வேண்டும். என்63 என்ற வி8 எஞ்சினில் டர்போக்கள் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சூட்டில் ரப்பர், சீல், வயர் எல்லாம் சீக்கிரம் காய்ந்துபோகும், ஆயிலையும் குடிக்கும். விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் அந்த வி8-ஐ முதல் செகண்ட் ஹேண்ட் சொகுசுக் காராக எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மெர்சிடிஸில் 2008-ல் வந்த ஓஎம்651 டீசல் அடிப்படையில் உறுதியானது. ஆரம்ப வருஷங்களில் பொருத்திய பியெசோ வகை இன்ஜெக்டர்கள் பழுதாகி, பிறகு சோலினாய்டு வகைக்கு மாற்றினார்கள். பார்க்கும் காரில் எது இருக்கிறது என்று கேளுங்கள். இ கிளாஸின் டபிள்யூ211 என்ற தலைமுறையில் எம்272 என்ற வி6 பெட்ரோல் எஞ்சின் இருந்தால் எஞ்சின் எண்ணை வைத்துத் தேட வேண்டும். முதல் சில வருஷ எஞ்சின்களில் எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் தேய்ந்து, எஞ்சினை இறக்கித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதே டபிள்யூ211-இல் 2006 வரை எஸ்பிசி என்ற மின்ஹைட்ராலிக் பிரேக் வந்தது. பிரேக் எத்தனை தடவை அழுத்தப்பட்டது என்று அதன் யூனிட்டே எண்ணிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை ஆனதும் மாற்றச் சொல்லி எச்சரிக்கை காட்டும். 2006-ல் முகம் மாறி வந்த காரில் சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்கே திரும்பிவிட்டார்கள். டபிள்யூ211 பிடித்திருந்தால் அதற்குப் பிறகு வந்ததை எடுங்கள்.

ஆடி ஏ6-இல் வி6 எஞ்சின்களின் செயின் பின்பக்கம்தான். டிஎஃப்எஸ்ஐ என்ற 2 லிட்டர் டர்போ பெட்ரோலில் 2008 முதல் 2011 வாக்கில் வந்தவை பிஸ்டன் ரிங் வடிவமைப்பால் ஆயில் குடிப்பவை. முன்சக்கர இயக்கக் கார்களில் மல்டிட்ரானிக் என்ற சிவிடி (தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் இருந்தால், ஆயில் மாற்றிய ஆதாரம் இல்லாமல் தொடாதீர்கள்.

அப்புறம் லெக்சஸ் இஎஸ் 300எச். இதை ஓட்டினால் நாடி துடிக்காது என்பார்கள், இருக்கலாம். ஆனால் இதில் டர்போ இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. கிரகப் பல்சக்கர அமைப்பில் இயங்கும் கியர்பாக்ஸில் தேய்கிற கிளட்ச்சும் இல்லை. கெட்டுப்போக வேண்டிய பாகமே இல்லாதபோது எது கெடும்? பின்சீட்டுப் பக்கம் இருக்கும் ஹைபிரிட் பேட்டரியின் காற்றுவழியில் தூசி அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நிம்மதிதான் முதல் தேவை என்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

படி 3: காகிதங்கள்

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருந்தால் போதாது, ரசீது கேளுங்கள். என்ன ஆயில், எத்தனை லிட்டர், எந்தக் கிலோமீட்டரில் என்று ரசீதில்தான் இருக்கும். இந்தக் கார்களின் திரை 25,000, 30,000 கிமீ வரைகூட ஆயில் மாற்றாமல் ஓடலாம் என்று காட்டும். புதிதாக வாங்கி மூன்று வருஷத்தில் விற்பவருக்கு அது சௌகரியம். மூன்றாவது உரிமையாளராக வரும் உங்களுக்கு அது செயின் தேய்மானமாகவும் டர்போ பழுதாகவும் வந்துசேரும். 10,000 முதல் 15,000 கிமீக்குள் ஆயில் மாற்றிய கார் கிடைத்தால் கொஞ்சம் கூட விலை கொடுக்கலாம்.

17 எழுத்து சேசிஸ் எண்ணைக் கொண்டு பாதுகாப்புத் திரும்பப்பெறுதல் (ரீகால்) ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகள் வெடித்துச் சிதறக்கூடும் என்ற விவகாரம் பல கம்பெனிகளின் கார்களைத் தொட்டது. 2018-ல் பிஎம்டபிள்யூ டீசல்களில் ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கசிந்து தீப்பிடிக்கும் அபாயத்துக்காகப் பெரிய அளவில் திரும்பப்பெற்றார்கள். இந்த வேலைகளை இலவசமாகவே செய்து தருவார்கள்.

படி 4: குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதை நீங்களே கேளுங்கள்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." போனதும் முதல் வேலையாக பானட்டில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

பானட்டைத் திறந்து, கூட வந்தவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, எஞ்சின் பக்கத்தில் நில்லுங்கள். முதல் மூன்று நொடிதான் முக்கியம். ராத்திரி முழுக்க ஆயில் கீழே வடிந்திருக்கும். செயினை இழுத்துப்பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். செயின் நீண்டிருந்தால் அந்த இடைவெளியில் ஒரு டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வரும். பிறகு அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பின்பக்கச் செயின் எஞ்சின் என்றால் விண்ட்ஷீல்டுப் பக்கமிருந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்திலிருந்து அந்தச் சத்தம் வரும்.

ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தேன் நிறத்தில் பளபளப்பாக உலோகம் தெரிந்தால் நல்ல பராமரிப்பு. கறுத்த பிசின் படிந்திருந்தால் ஆயில் மாற்றுவதை இழுத்தடித்திருக்கிறார்கள். புகைக்குழாயில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடானபிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால், கூடவே கூலண்ட் அளவும் குறைந்தால், எஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே சீலாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

படி 5: லிஃப்டும் ஸ்கேனரும்

இந்த வகைக் கார்களையே பார்த்துப் பழகிய, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோங்கள். அதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

லிஃப்டில் ஏற்றியதும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங், வால்வு கவர், கியர்பாக்ஸ் ஆயில் தட்டு மூன்றிலும் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் கண்ட்ரோல் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களில் வெடிப்பு இருக்கலாம், 1,700 கிலோ எடையைத் தாங்கும் காரில் அது தேய்கிற பாகம்தான். ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் ராத்திரி முழுக்க நின்ற கார் காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். காற்றுப்பையின் ரப்பர் வெடித்துக் கசியும்போது அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கடைசியில் அதுவும் எரியும். ஒரு பையில் ஆரம்பித்த செலவு கம்ப்ரஸரில் போய் முடியும்.

ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகளோடு நின்றுவிடாமல் கிலோமீட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரைத் திருத்தியவர்கள் பெரும்பாலும் மீட்டரை மட்டும்தான் திருத்துவார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் போன்ற மற்ற கண்ட்ரோல் யூனிட்டுகளில் பதிவான கிலோமீட்டர் வேறாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். குறியீடே ஒன்றும் இல்லை, எல்லாம் நேற்றுதான் அழிக்கப்பட்டது என்றாலும் எச்சரிக்கைதான்.

டயரின் பக்கவாட்டில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு கம்பெனியாக இருந்தால், முந்தைய உரிமையாளர் இந்தக் காருக்குச் செலவு செய்ய மனசில்லாதவர் என்று அர்த்தம். என் அனுபவத்தில் அப்படிப்பட்ட கார் எஞ்சின் பெட்டிக்குள்ளும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

பூட் தரைவிரிப்பைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். என்னுடைய முதல் பழைய செடானில் சன்ரூஃப் தண்ணீர் வடியும் குழாய் இலைத்தூளால் அடைபட்டிருந்தது. மழைத்தண்ணீர் தூண் வழியாக இறங்கி பூட் பள்ளத்தில் தேங்கியது. அங்கேதான் பேட்டரியும் இரண்டு கண்ட்ரோல் யூனிட்டும் இருந்தன. ஒரு நாள் காலை கதவு பூட்டு வேலை செய்யவில்லை, மறுநாள் பின்விளக்கு, மூன்றாம் நாள் கார் எழுந்திருக்கவே இல்லை. விரிப்பைத் தூக்கியபோது பேட்டரியின் அடிப்பாகம் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. குழாயைச் சுத்தம் செய்யப் பத்து நிமிஷம் போதும். வாங்கும்போது விரிப்பைத் தூக்காமல் விட்டதற்கு ஒரு மாதச் சம்பளம் போனது.

படி 6: ஓட்டிப்பார்த்தல்

அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். குளிரிலும் சூட்டிலும் கியர் எப்படி விழுகிறது என்று தெரிய வேண்டும். 2009 முதல் வந்த இசட்எஃப் 8 வேக ஆட்டோமேட்டிக் அருமையான கியர்பாக்ஸ், பல பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார் கார்களில் இதுதான். நல்ல நிலையில் இருந்தால் கியர் மாறுவதே தெரியாது. மெதுவாக நிற்கப்போகும்போது பின்னாலிருந்து யாரோ தட்டியதுபோல் உதைத்தால் ஆயில் பழசாகியிருக்கலாம், அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று கார்க் கம்பெனிகள் சொல்லும். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிமீக்குள், அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. செய்தவர் பேச்சைக் கேட்பதே சரி.

ஏசி, சீட்டு மோட்டார்கள், எல்லாக் கதவுக் கண்ணாடிகள், பார்க்கிங் கேமரா என்று ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

படி 7: ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

ஒரு நோட்டில் வருஷக் கணக்கு எழுதுங்கள். முதலில் எரிபொருள். 15,000 கிமீ ஓட்டுகிறீர்கள் என்றால், 2 லிட்டர் டர்போ பெட்ரோல் நெரிசலில் லிட்டருக்கு 10 கிமீ கொடுத்தால் 1,500 லிட்டர் ஆகும். அதே தூரத்துக்கு 15 கிமீ கொடுக்கும் டீசல் 1,000 லிட்டர் குடிக்கும். வித்தியாசம் 500 லிட்டர். இந்த மிச்சத்தை ஒரு டிபிஎஃப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கு எது லாபம் என்று புரிந்துவிடும். பெட்ரோல் என்றால் எரிபொருள் மூடிக்குள் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணையும் பாருங்கள், உயர்ரகப் பெட்ரோல் கேட்கும் காரில் அதன் விலையைத்தான் கணக்கில் எழுத வேண்டும்.

அடுத்து டயர். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 19 அங்குலச் சக்கரம் வைத்த 5 சீரிஸில் முன்டயர் 245/40, பின்டயர் 275/35 என்று வேறுவேறு அளவில் வரும். முன்னும் பின்னும் மாற்றிப்போட முடியாது. பின்சக்கர இயக்கம் என்பதால் பின்டயர் முதலில் தேயும். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர் என்றால் விலை இன்னும் கூடும், பள்ளங்களில் குதிப்பும் கூடும். அதே காரின் 17 அங்குலச் சக்கர மாடலில் நான்கும் ஒரே அளவு, விலை குறைவு, பயணமும் மென்மை. பார்வைக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

பிரேக் பேடோடு டிஸ்க்கும் சேர்ந்து தேயும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பார்த்து அதை ஒட்டிவந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே கணக்கில் எழுதுங்கள். காப்பீடு, வரி உங்கள் ஊர் நிலவரப்படி.

மிச்சமிருப்பது வயசுச் செலவு. எலக்ட்ரிக் வாட்டர் பம்ப், பிளாஸ்டிக் கூலண்ட் தொட்டி, ஆல்டர்னேட்டர், புஷ்கள், இக்னிஷன் காயில் எல்லாம் 1,00,000 கிமீ தாண்டியதும் வரிசைகட்டி நிற்கும். பெட்ரோல் நேரடி ஊசி எஞ்சின் என்றால் உள்ளிழுக்கும் வால்வுகளில் கரி படியும். பெட்ரோல் அந்த வால்வுகளைக் கழுவாமல் நேராகச் சிலிண்டருக்குள் போவதுதான் காரணம். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தோடு பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். இவை எதுவும் காரின் குறையென்று சொல்ல முடியாது, பத்து வயசுக் காரின் இயல்பு. அதனால் வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவையுங்கள். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் ஒரு படி சிறிய காரைப் பாருங்கள். கடன் வாங்கிக் காரையும், இன்னொரு கடன் வாங்கி ரிப்பேரையும் சமாளித்த யாரும் அந்தக் காரை ரசித்து நான் பார்த்ததில்லை.

படி 8: சாவி கைக்கு வந்ததும்

முதல் மாதத்திலேயே எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றுங்கள், எப்போது மாற்றினார்கள் என்று யார் சொன்னாலும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலில் 5டபிள்யூ-30 என்ற கெட்டித்தன்மை எண் மட்டும் பார்த்தால் போதாது. பிஎம்டபிள்யூ டீசலுக்கு லாங்லைஃப்-04, மெர்சிடிஸுக்கு எம்பி 229.51 அல்லது 229.52, ஆடி டீசலுக்கு விடபிள்யூ 507 00 போல, உங்கள் கையேடு கேட்கும் தர எண் டப்பாவின் பின்பக்கம் அச்சாகியிருக்க வேண்டும். டிபிஎஃப் உள்ள காரில் சாம்பல் அதிகமுள்ள ஆயிலை ஊற்றினால் வடிகட்டிக்குள் சாம்பல் சேரும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது.

கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய ஆதாரம் இல்லையென்றால் அதையும் மாற்றுங்கள். 8 வேக கியர்பாக்ஸில் ஃபில்டர் பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தே வரும், தட்டையே மாற்ற வேண்டியிருக்கும். பேட்டரி மாற்றினால் ஏஜிஎம் வகையே (கண்ணாடியிழைப் பாயில் அமிலம் ஊறியிருக்கும் பேட்டரி) போட்டு, பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் புதுப் பேட்டரி என்று ஸ்கேனர் மூலம் பதிவும் செய்யச் சொல்லுங்கள். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றதுபோலவே சார்ஜ் செய்துகொண்டிருக்கும்.

சன்ரூஃப் குழாய்களை மறக்காதீர்கள்.

கடைசியாக, அந்தக் கணக்கு நோட்டைக் காரிலேயே வையுங்கள். ஒவ்வொரு தடவை எரிபொருள் நிரப்பும்போதும் லிட்டர், கிலோமீட்டர். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, பாகத்தின் எண், கூலி. லிட்டருக்கு 13 கொடுத்த கார் திடீரென 11 கொடுத்தால் இன்ஜெக்டரோ தெர்மோஸ்டாட்டோ முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது என்று எச்சரிக்கை விளக்கு எரியும் முன்பே தெரிந்துகொள்வீர்கள். தொடர்ந்து இரண்டு வருஷம் வயசுச் செலவு நீங்கள் ஒதுக்கிய தொகையைத் தாண்டினால் விற்பதைப் பற்றி யோசிக்கலாம். விற்கும் நாளில் அந்த நோட்டையும் ரசீதுகளையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.